ரெட்டை சைக்கிளும் பின்சீட்டு ஸ்பிரிங்கும்

பேசாமல் இருக்கிற மனைவி சௌகரியமாக இருக்கிறாள் என்று நம்புகிற ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நான் அதில் ஒருபடி மேலே போய், அந்த நம்பிக்கையோடு கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் வரைக்கும் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டியவன். இத்தனைக்கும் நான் இயற்பியல் ஆசிரியர். (நிறை, எடை, விசை எல்லாம் பிள்ளைகளுக்கு நான்தான் நடத்துகிறேன். இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.)

சைக்கிள் என்றால் சாதா சைக்கிள் இல்லை. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, இரண்டு பேருமே மிதிக்கிற ரெட்டை சைக்கிள். இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் குடியிருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி, சொந்த நாட்டுக்கே திரும்பிப் போனபோது எனக்கு விற்றுவிட்டுப் போனார்கள். விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குள் அதை நான் ஓட்டிக்கொண்டு நுழைந்த அன்றைக்கு, எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது, பாதி ரயிலு மாதிரி கீது" என்றார்.

வாங்கியதற்கு வெளியே சொன்ன காரணம் சர்க்கரை. தினமும் உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் மிரட்டியிருந்தார். வெளியே சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எங்கள் ஒரே மகள் ரீட்டா படிப்பதற்காகக் கோயம்புத்தூர் போனபிறகு வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் மனைவி ஸ்டெல்லா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மெஷினில் குனிந்திருப்பாள். நான் டிவியைப் போடுவேன். "சாப்பாடு எடுத்து வெக்கட்டா", "கேஸ் புக் பண்ணியாச்சா" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் நாலு வார்த்தையாவது கூடப் பேசியிருப்போம்.

ரெட்டை சைக்கிள் வந்ததும் இது மாறியது. விடிகாலையில் மாம்பழப்பட்டு ரோட்டில் ஏறியதுமே பின்னாலிருந்து பேச்சு ஆரம்பித்துவிடும். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு அப்புறம் உடம்பு போட்டுவிட்டு வந்து சண்டை பிடிக்கிற பெண்கள், ரீட்டா விடுதியில் சாப்பிடுகிறாளா இல்லையா என்கிற கவலை, தான் சின்ன வயதில் திண்டிவனத்தில் வாங்கிய அடிகள் எல்லாம் வரும். ஏன் அங்கே மட்டும் பேச்சு வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டிருக்கும். போன் அவள் பையில் இருக்கும். எழுந்து போகவும் முடியாது. இப்படி ஒரு புருஷன் தினமும் ஒரு மணி நேரம் வசமாகக் கிடைத்தால் யார்தான் பேசமாட்டார்கள்.

ஆனால் பின்சீட்டில் ஒரு பேஜாரு இருந்தது. முன்னால் இருக்கிறவனுக்கு ரோடு தெரியும். குழி வந்தால் லேசாக எழுந்துகொள்வான். பின்னால் இருக்கிறவருக்குத் தெரிவது அவனுடைய முதுகு மட்டும். (என் முதுகு கொஞ்சம் அகலம்.) ஒவ்வொரு குழிக்கும் ஸ்டெல்லா "யேசுவே" என்பாள். ஸ்பீடு பிரேக்கர் என்றால் கூடவே மாதாவும் வருவார். குழி வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். முதல் இரண்டு நாள் ஒழுங்காகச் சொன்னேன். அப்புறம் பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோனேன்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து இறங்கியவள், மெஷினுக்கு முன்னால் உட்காரப் போய், அப்படியே எழுந்துவிட்டாள்.

"ஒக்கார முடியலிங்க. அடிமுதுகுல குத்துது. தைக்கலன்னா இன்னா பண்றது. அந்த சீட்டுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நீங்க ஒண்டியா ஓட்டிக்கினு போங்க."

ஒண்டியாக ஓட்டுவதற்கா ரெட்டை சைக்கிள்? எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. சைக்கிள் போனால் போகட்டும், அந்த ஒரு மணி நேரமும் போய்விடுமே.

விழுப்புரத்தில் இருக்கிற சைக்கிள் கடைகளில் ஏறி இறங்கினேன். பின்சீட்டுக்கு மட்டும் சஸ்பென்ஷன் வேண்டும் என்றேன். "பைக்குக்கா சார்" என்று கேட்டார்கள். சைக்கிளுக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருவர் ஜெல் உறை கொடுத்தார். அதைப் போட்டதில் ஸ்டெல்லா வலமும் இடமுமாக வழுக்கிக்கொண்டே வந்தாள். இன்னொருவர் அடியில் இரண்டு சுருள் வைத்த பழைய காலத்து அகலச் சீட்டு கொடுத்தார். அது போட்ட கீச்சுச் சத்தத்தில் ரயில்வே காலனி நாய்கள் எல்லாம் எங்களோடு நடைப்பயிற்சிக்கு வந்தன.

கடைசியில் ஆன்லைனில் ஒன்று பிடித்தேன். சீட்டைத் தாங்குகிற குழாய்க்குள்ளேயே ஸ்பிரிங். உட்கார்ந்தால் புஸ்ஸென்று இறங்கும், குழியில் ஏறி இறங்கி அதிர்ச்சியை விழுங்கும். பார்சல் வந்த அன்றைக்கு ஹூக் விதியை எல்லாம் ஸ்டெல்லாவுக்கு விளக்கினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். குழாய் சைக்கிளுக்குக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. கூல் டிரிங்க்ஸ் டின்னை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். அதைக்கூட ஒரு சாதனை என்று சக ஆசிரியர்களிடம் சொன்னேன்.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. நான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்டெல்லா என் தோளுக்கும் கீழே. அவள் கால் எட்டவேண்டும் என்பதற்காகப் பின்சீட்டு ஏற்கனவே கம்பியை ஒட்டித் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. புதுக் குழாயிலோ மேல்பகுதி முழுக்க ஸ்பிரிங். அந்தப் பகுதி சைக்கிள் கம்பிக்குள் இறங்காது. எவ்வளவுதான் அழுத்தினாலும் சீட்டு பழைய உயரத்துக்கு மேல் நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது.

"கால் எட்டலிங்க" என்றாள் ஸ்டெல்லா, மேலே உட்கார்ந்து கட்டைவிரலை நீட்டிக்கொண்டு.

"நுனிக்கால்ல மிதி. ஆடுசதைக்கு நல்லது" என்றேன். (எந்த மருத்துவப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த நிமிடத்தில் நானே எழுதியது.)

ஏறுவதும் கஷ்டம்தான். வீட்டு வாசற்படியில் நின்றுதான் ஏறினாள். இதற்கென்று எங்களுக்கு ஒரு முறை உண்டு. நான் முதலில் உட்கார்ந்து, ஒரு காலை ஊன்றி, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொள்வேன். அவள் ஏறியதும் சைக்கிள் லேசாக அழுந்தும். உடனே என் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். தட்டினால் கிளம்பவேண்டும். திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. திரும்பினால் வண்டி சாயும்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் ஸ்டெல்லாவின் தம்பி கிளமெண்ட் வீட்டில் அவன் மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற விழா. வெள்ளைக் கவுனை அத்தைதான் தைத்துக் கொடுக்கவேண்டும் என்று பிள்ளை ஒரே பிடிவாதம். தையல்காரர் வீட்டு வழக்கப்படி ஊர் உலகத்துத் துணியெல்லாம் முடித்தபிறகு, சொந்தக்காரப் பிள்ளையின் கவுன் விழாவுக்கு முந்தின நாள்தான் முடிந்தது. அதைக் கையோடு கொண்டுபோகவேண்டும்.

"சைக்கிள்ல போலாம்" என்றேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "திண்டிவனத்துக்கா?"

"புது சீட்டு இருக்குல்ல."

அவள் கவுனை மடித்துப் பையில் வைத்தாள். "சரி. ஆனா இதான் கடைசி. போய்ச் சேர்றதுக்குள்ள வலிச்சிதுன்னா, அப்புறம் இதும்மேல நான் ஏற மாட்டேன். கெஞ்சக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும்போது கிளம்பினோம். கவுனும் என் போனும் அவள் முதுகுப் பையில். அன்றைக்கு நான் கங்கணம் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குழியையும் அறிவித்தேன். முண்டியம்பாக்கத்தில் "சீட்டு எப்பிடி" என்று கேட்டேன். "பரவால்ல" என்றாள். விக்கிரவாண்டியில் கேட்டேன். "ம்" என்றாள். யேசுவையோ மாதாவையோ அவள் கூப்பிடவே இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் கூடிவிட்டது. டீயைக் குடித்துவிட்டு நான் என் சீட்டில் உட்கார்ந்து, காலை ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் லேசாக அழுந்தியது. ஸ்பிரிங் புஸ்ஸென்று இறங்கியது. முதுகில் ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் பலமான தட்டுதான். டீ குடித்த தெம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது என்னவென்று எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்த உயரத்தில் ஏறமுடியாமல், பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு எடுத்துவர ஸ்டெல்லா டீக்கடைக்குள் போயிருக்கிறாள். மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெரிய மனிதர், சீட்டு உள்ளே போய் வருகிற அதிசயத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, "சூப்பரா கீது சார்" என்கிற பாவனையில் என் முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறார். ஸ்டெல்லா ஸ்டூலும் கையுமாக வெளியே வந்தபோது நான் ரோட்டில் தூரத்துப் புள்ளியாகிவிட்டேன். கூப்பிட்டிருக்கிறாள். லாரிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

எனக்கோ வண்டி பறந்தது. ஆள் சொகுசாக உட்கார்ந்தால் மிதிக்கிற வலு தானாக வரும் என்று ஒரு தத்துவம்கூட அந்த நேரத்தில் எனக்குள் உருவானது. ஒரு முழு மனுஷியின் எடை குறைந்திருப்பதை உணராமல், அதற்கு விளக்கமும் கண்டுபிடித்த இயற்பியல் ஆசிரியர் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருக்கமுடியாது. "குழி வருது." "கல்லு கெடக்குது, கெட்டியா புடிச்சுக்கோ." "ஸ்பீடு பிரேக்கரு." எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஸ்பிரிங் மட்டும் கிச் கிச் என்று பதில் சொன்னது. சர்வீஸ் ரோட்டில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. ஜன்னலிலிருந்து ஒரு பெண் கை பதறிப் பதறி ஆடியது. நம்மை யாரோ பாராட்டுகிறார்கள் என்று நானும் மரியாதையாகக் கையை ஆட்டினேன். (அது என் மனைவியின் கை. பிள்ளைக்குக் கவுன் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டுமே என்று கிடைத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாள்.)

பஸ் தாண்டுவதற்கு முன்பே, பின்னாலிருந்த அந்த அமைதியில் எனக்கு வாய் திறந்திருந்தது. வீட்டில் சொல்லவே வராத விஷயத்தைச் சொன்னேன். ரீட்டா போனபிறகு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். டிவியில் என்ன ஓடுகிறது என்றே எனக்குத் தெரிவதில்லை என்றேன். சர்க்கரைக்காக இந்த சைக்கிளை வாங்கவில்லை, நீ என்னோடு வரவேண்டும் என்பதற்காகத்தான் வாங்கினேன் என்றேன். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ இன்னா சொல்ற?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். அழட்டும் என்று விட்டுவிட்டு, மனது லேசாகி, இன்னும் வேகமாக மிதித்தேன்.

திண்டிவனத்தில் கிளமெண்ட் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மணியை அடித்துக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்து, காலை ஊன்றி, பிரேக்கைப் பிடித்து நின்றேன். என்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கிளமெண்ட் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். வரவேற்பு பலமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

எல்லார் காதிலும் விழட்டும் என்று, தலையைத் திருப்பாமல், பின்பக்கமாகச் சொன்னேன்: "மொள்ள எறங்கு ஸ்டெல்லா. இப்ப சொல்லு, சீட்டு எப்பிடி இருந்திச்சு?"

"சொகுசா இருந்திச்சிங்க" என்று குரல் எனக்கு முன்னாலிருந்து வந்தது. கையில் கேசரித் தட்டோடு ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். "ஜன்னலோரம்."

நான் அவளைப் பார்த்தேன். அப்புறம் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன். மறுபடியும் அவளைப் பார்த்தேன். இந்த மூன்று பார்வையும் கிளமெண்டின் வீடியோவில் தெளிவாக இருக்கிறது. கோயம்புத்தூர் விடுதியில் அன்றைக்கே அதைப் போட்டுக் காட்டிவிட்டதாக என் மகள் பெருமையாகச் சொன்னாள். பந்தலில் சிரித்த சிரிப்பில் ஒரு கிழவருக்குப் புரையேறி, முதுகைத் தட்டவேண்டியதாயிற்று.

"பரவால்ல மாமா, அக்கா எறங்கிப் போனாலும் குழியெல்லாம் கரெக்டா சொல்லிக்கினு வந்தீங்களாமே" என்றான் கிளமெண்ட். பஸ் என்னைத் தாண்டும்போது நான் தனியாக வாயசைத்துக்கொண்டு வந்ததை ஸ்டெல்லா பார்த்து, வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டாள்.

பூசை முடிந்து, விருந்து முடிந்து, வெள்ளைக் கவுனில் பிள்ளை பாயசம் கொட்டிக்கொண்டு அழுது முடித்தபிறகு, பந்தலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சைக்கிள் எதிரே சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சொன்ன நிபந்தனை ஞாபகத்துக்கு வந்தது. கெஞ்சக் கூடாது.

"வலிச்சிதா?" என்று கேட்டேன்.

"முண்டியம்பாக்கம் தாண்டறதுக்குள்ளயே வலிச்சிச்சி. கால் எட்டாம, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாஞ்சிக்கினே வந்திச்சி."

"பரவால்லன்னு சொன்னியே."

"நீங்க அவ்ளோ ஆசையா கேக்குறீங்க. இன்னா சொல்றது." அப்புறம் அவளே கேட்டாள். "பஸ்ல வரும்போது பாத்தேன். அப்பிடி இன்னா பேசிக்கினு வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மா இல்ல. கண்ணெல்லாம் தொடச்சிக்கினு வந்தீங்க."

"சைக்கிள்ல போகும்போது சொல்றேன்."

"வேணாம். நான் இருக்கேனா இல்லியான்னே ஒங்களுக்குத் தெரியாது. இங்கயே சொல்லுங்க. என்னப் பாத்து சொல்லுங்க."

கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் வரைக்கும் அருவியாகக் கொட்டிய பேச்சு, ஒன்றரை முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்ததும் வறண்டுவிட்டது. பாதியைத் தரையைப் பார்த்துச் சொன்னேன். பயமாக இருக்கிறது என்கிற இடத்தை மட்டும் எப்படியோ அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்த வெள்ளை நூலை எடுத்துச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க டிவியக் கொறைச்சா நான் மெஷின நிறுத்தலாம்னு ஒக்காந்திருந்தேன்" என்றாள். "நீங்க மெஷின் சத்தத்துக்குத்தான் டிவிய ஏத்தி வெக்கிறீங்கன்னு நெனச்சேன்."

அப்புறம் அவள் எழுந்துபோய்ப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துவந்தாள்.

"இத்தினி நாளா சீட்டு தேடுனீங்களே, எங் கால் எவ்ளோ நீளம்னு ஒரு வாட்டி கேட்டீங்களா? ஜாக்கெட் தைக்க வர்றவங்க கையையே நான் மூணு வாட்டி அளக்கிறேன்."

டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, தன் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் அளக்கச் சொன்னாள். அவள் கால் எட்டுகிற பழைய உயரத்தில் சீட்டு இருந்தால், கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அவளே அளந்தாள். இரண்டு விரலுக்கு மேல் இல்லை. அந்த இடத்துக்குள் அடங்குகிற மாதிரி, ஸ்பிரிங் குறைவாக அசைகிற குட்டைக் குழாய் உண்டா என்று என் போனில் தேடினாள். உண்டு. என் கண்ணில் அது படவே இல்லை, ஏனென்றால் நான் எது அதிகம் குதிக்கும் என்று மட்டுமே பார்த்து வாங்கினேன். ஊருக்கு சைக்கிளை கிளமெண்டின் நண்பர் ஒருவருடைய குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். டிரைவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கிளமெண்ட் ஓடிவந்து, "அக்கா ஏறியாச்சா, நல்லா பாத்துக்கோங்க மாமா" என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எங்கள் குடும்பத்தில் கார், ஆட்டோ, ரயில் எது கிளம்பினாலும் இன்றைக்கும் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. யாராவது எதிராளி கேட்கிறாரா இல்லையா என்று பார்க்காமல் பேசிக்கொண்டே போனால், "அத்தை பஸ்ல போயிட்டாங்க" என்பார்கள். உடனே வாயை மூடிக்கொள்ளவேண்டும். வீடியோ எப்படியோ என் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது. நிறையும் எடையும் பாடம் நடத்துகிற வாரத்தில் வகுப்பில் ஒரு மாதிரி இருமல் கேட்கும். நானும் இருமிவிட்டுத் தொடர்வேன்.

குட்டைக் குழாய் வந்தது. பொருந்தியது. ஸ்டெல்லா ஏறினாள், யாரும் கெஞ்சவில்லை. இப்போதும் காலையில் ரெண்டு பேரும் போகிறோம். குழி வந்தால் சொல்கிறேன். பேச்சு பாதியில் நின்று, பின்னால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை என்றால், வேகத்தைக் குறைத்து, வண்டி சாய்ந்தாலும் சாயட்டும் என்று திரும்பிப் பார்ப்பேன். உட்கார்ந்துதான் இருப்பாள், என்னையே பார்த்துக்கொண்டு. நான் திரும்பவேண்டும் என்பதற்காகவே சில நாள் வேண்டுமென்றே பேசாமல் வருகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கேட்கவில்லை. திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.